சென்ட்ரல் ஏசியின் கன்ட்ரோல் சீக்வென்ஸ்: பாலக்காடு, கோவைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழக, கேரள எல்லையான வாளையாறுக்கு இரண்டு பக்கமும் எனக்கு வேலை. கஞ்சிக்கோடு, பாலக்காடு, எட்டிமடை, கோவை என்று மருத்துவமனை, ஜவுளிக்கடை, ஐடி அலுவலகம் எல்லாவற்றிலும் சென்ட்ரல் ஏசியைக் கணினி வழியாகக் கண்காணித்து ஓட்டும் பிஎம்எஸ்ஸைச் சோதித்து, சரிசெய்து கொடுக்கிறேன். கட்டட உரிமையாளர்கள், மெயின்டனன்ஸ் பார்ப்பவர்கள், படித்து முடித்து இந்தத் துறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கன்ட்ரோல் சீக்வென்ஸ் என்றால் என்ன?

எந்த நிலையில் எந்தக் கருவி என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய விதிகள்தான். காலையில் ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து ஃபேனால் தள்ளும் பெட்டி) எத்தனை மணிக்கு ஓட வேண்டும், அந்தக் காற்று போகும் டக்ட்டில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும், அறையில் ஆள் இல்லாவிட்டால் டேம்பர் (காற்றை அடைக்கும் கதவு) எவ்வளவு மூட வேண்டும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுபோனால் அடுத்து எது ஓட வேண்டும் என்று எல்லாம் அதில் வரும். சில்லர், பம்ப், ஃபேன் எல்லாம் நல்ல கம்பெனியுடையதாக இருக்கும், ஸ்டார் லேபிளும் இருக்கும். ஆனால் அவற்றை ஓட்டும் விதி தப்பாக இருந்தால், நல்ல மாட்டைத் தப்பான வண்டியில் பூட்டிய மாதிரிதான்.

தரப்படுத்திய சீக்வென்ஸ் என்கிறீர்களே, யார் தரப்படுத்தியது?

ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2018-இல் கைட்லைன் 36 என்று ஒன்றை வெளியிட்டது. அதற்கு முன்னால் ஒவ்வொரு கன்சல்டன்ட்டும் ஒரு மாதிரி எழுதுவார், அதை ஒவ்வொரு புரோகிராமரும் தனக்குப் புரிந்த மாதிரி கோடாக்குவார். இரண்டுக்கும் நடுவில் தொலைந்து போவதுதான் அதிகம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கட்டடங்களின் சீக்வென்ஸ்களை எடுத்து, எண்களோடு, நேரத்தோடு, அலாரத்தோடு முழுமையாக எழுதினார்கள். முதல் பதிப்பில் ஏஎச்யூவும், ஒவ்வொரு பகுதிக்கும் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் விஏவி பாக்ஸும் மட்டும் இருந்தன. 2021 பதிப்பில் சில்லர் பிளான்ட், ஹாட் வாட்டர் பிளான்ட், ஃபேன் காயில் யூனிட் எல்லாம் சேர்ந்தன. 2024-இல் இன்னொரு பதிப்பும் வந்திருக்கிறது.

இது சட்டம் இல்லை, வழிகாட்டிதான். டெண்டரில் நீங்கள் கேட்டால்தான் வரும்.

எங்களிடம் பிஎம்எஸ் இருக்கிறதே, அதில் இதெல்லாம் இல்லாமலா இருக்கும்?

பெரும்பாலும் இல்லை. பிஎம்எஸ் திரையில் ஃபேன் சுற்றும் படம் வரும், பச்சை விளக்கு எரியும். உள்ளே போய்ப் பார்த்தால் டக்ட் அழுத்தத்துக்கு ஒரே செட்பாயின்ட் (இலக்கு எண்), அறைக்கு அனுப்பும் சப்ளை காற்றின் வெப்பநிலைக்கு ஒரே செட்பாயின்ட், வருஷம் முழுக்க அதுதான். கட்டடம் திறந்த அன்று யாரோ அடித்து வைத்த எண் இன்றைக்கும் அப்படியே இருக்கும்.

வெளியே 38 டிகிரி வெயில், உள்ளே ஊழியர்கள் ஸ்வெட்டர் போடுகிறார்கள். ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதிலில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுமையாகப் படியுங்கள்.

20 பேர் உட்காரும் 200 சதுர மீட்டர் அலுவலகப் பகுதியை எடுத்துக்கொள்வோம். உச்ச வெயிலுக்கு அந்த இடத்துக்கு 2,000 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி) காற்று வேண்டும் என்று டிசைன் செய்து, அந்த அளவுக்கு விஏவி பாக்ஸ் வைத்திருப்பார்கள். குளிர் போதும் என்றானதும் பாக்ஸ் டேம்பரை மூடிக் காற்றைக் குறைக்க வேண்டும். எவ்வளவு வரை குறைக்கலாம்? அங்கேதான் தப்பு நடக்கிறது. "மினிமம் 50 சதவீதம்" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் 1,000 சிஎஃப்எம்முக்குக் கீழே அந்தப் பாக்ஸ் இறங்கவே இறங்காது.

13 டிகிரி காற்று 1,000 சிஎஃப்எம் வந்து, அறை 24 டிகிரியில் இருந்தால், கிட்டத்தட்ட 1.8 டன் குளிர் உள்ளே விழுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், ஜன்னல் திரையையும் இறக்கிவிட்டார்கள் என்றால் அந்த இடத்தின் தேவை ஒரு டன்கூட இருக்காது. பாக்ஸ் என்ன செய்யும்? அதற்குக் கொடுத்த விதிப்படி 1,000 சிஎஃப்எம்மைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அறை 22, 21 என்று இறங்கும். தெர்மோஸ்டாட்டில் 26 வைத்தாலும் பயன் இல்லை. நம் பக்கம் விஏவி பாக்ஸில் ஹீட்டர் வைப்பது அபூர்வம் என்பதால் இறங்கிய வெப்பநிலை ஏறவும் ஏறாது.

சரி, சுவாசிக்க எவ்வளவு காற்று வேண்டும்? ஆஷ்ரேயின் காற்றோட்டத் தரமான 62.1-இன்படி அலுவலகத்துக்கு ஆளுக்கு நொடிக்கு 2.5 லிட்டர், சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர் வெளிக்காற்று. நம் கணக்கில் 50-ம் 60-ம் சேர்ந்து நொடிக்கு 110 லிட்டர், அதாவது சுமார் 233 சிஎஃப்எம். அதே தரத்தின் எளிய கணக்கு முறையில் பாக்ஸின் மினிமம் இதில் ஒன்றரை மடங்கு: 350 சிஎஃப்எம். எங்கே 1,000, எங்கே 350! கைட்லைன் 36 சொல்வதும் இதுதான். சுவாசத்துக்கு வேண்டியது, பாக்ஸ் நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த காற்று, இந்த இரண்டில் எது பெரிதோ அதுவே மினிமம். நினைத்த சதவீதத்தைப் போடுவதற்கு அங்கே இடமே இல்லை.

மினிமத்தைக் குறைத்தால் காற்றோட்டம் போதாமல் ஆட்கள் சங்கடப்படுவார்கள் என்று பல பேர் பயப்படுகிறார்கள். ஆஷ்ரே இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தது. கலிஃபோர்னியா அலுவலகக் கட்டடங்களில் மினிமத்தைக் குறைத்தபோது மின்சாரமும் மிச்சமானது, கோடை மாதங்களில் குளிர்கிறது என்ற புகாரும் ஏறக்குறைய பாதியானது.

டக்ட் அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் 'டிரிம் அண்ட் ரெஸ்பான்ட்' எப்படி வேலை செய்கிறது?

வீட்டில் சமைக்கிறவர் "யாருக்காவது சோறு வேணுமா?" என்று கேட்டுக் கேட்டு உலை வைப்பது மாதிரி. யாரும் கேட்காவிட்டால் அளவைக் கொஞ்சம் குறைப்பார், கேட்டால் கூட்டுவார்.

கைட்லைன் தரும் தொடக்க எண்களோடு சொல்கிறேன். ஃபேன் ஓட ஆரம்பிக்கும்போது அழுத்த செட்பாயின்ட் 120 பாஸ்கல். முதல் 10 நிமிஷம் விட்டுவிட்டு, அதற்கப்புறம் 2 நிமிஷத்துக்கு ஒரு முறை 12 பாஸ்கல் குறையும். இதுதான் டிரிம். இன்னொரு பக்கம் ஒவ்வொரு விஏவி பாக்ஸும் தன் நிலையைச் சொல்லும். டேம்பர் 95 சதவீதத்துக்கு மேல் திறந்துவிட்டால் ஒரு கோரிக்கை. அப்படித் திறந்தும் கேட்ட காற்றில் 70 சதவீதம்கூட வரவில்லை என்றால் இரண்டு, 50 சதவீதம்கூட வரவில்லை என்றால் மூன்று. மொத்தக் கோரிக்கையில் முதல் இரண்டைக் கண்டுகொள்ளாமல் விட்டு, மிச்சம் ஒவ்வொன்றுக்கும் 15 பாஸ்கல் ஏற்றும், ஒரே தடவையில் 32-க்கு மேல் ஏறாது. இதுதான் ரெஸ்பான்ட்.

குறைவதும் ஏறுவதும் மெதுவாக நடப்பதால் ஃபேன் ஆட்டம் போடாது. அந்த நேரத்துக் கட்டடத்துக்கு எவ்வளவு போதுமோ அந்த அழுத்தத்தில் வந்து நிற்கும். அழுத்தத்தையும் சேர்த்து இறக்கினால்தான், ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டிக்கு முழுப் பலன் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸில் ஓடும் ஃபேன் 35 ஹெர்ட்ஸுக்கு வந்தால், ஃபேன் விதிப்படி மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அழுத்தத்தை ஒரே இடத்தில் கட்டி வைத்துவிட்டு விஎஃப்டி மட்டும் வாங்கினால் இந்தப் பலனில் பெரும்பகுதி கைக்கு வராது.

இதைப் போட்டும் எங்கள் ஃபேன் குறையவே இல்லையே?

பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையில் எனக்கும் இதுவே நடந்தது. சீக்வென்ஸ் சரி, எண்கள் சரி, ஆனால் காலை 9 மணிக்கு 120-இல் தொடங்கிய அழுத்தம் 11 மணிக்கெல்லாம் 300-இல் போய் நின்றது. அதுதான் அந்தக் கட்டடத்தின் உச்ச வரம்பு. டிரெண்ட், அதாவது பிஎம்எஸ் நேரவாரியாகப் பதிந்து வைத்த எண்களை, எடுத்துப் பார்த்தேன். முழுக் கட்டடத்திலும் ஒரே ஒரு பாக்ஸ்தான் கோரிக்கை அனுப்புகிறது, நாள் பூராவும் மூன்று.

அந்தப் பாக்ஸ் இருந்த இடம் பில்லிங் கவுன்டர். போய் மேலே பார்த்தால், சீலிங்கில் காற்று வெளிவரும் டிஃப்யூசரை சலைன் பாட்டில் அட்டைப்பெட்டியால் மூடி, பழுப்பு டேப்பை நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறார்கள். டேப் ஓரத்தில் தூசு கறுப்பாகப் படிந்திருந்தது. ரொம்ப நாளாக அப்படியே இருந்திருக்க வேண்டும். கவுன்டரில் இருந்த பெண், "நேரா தலையில விழுது சார், மதியம் ஆனா தலைவலி வந்துடும்" என்றார். சால்வையும் போர்த்தியிருந்தார்.

நடந்தது இதுதான். மினிமம் அதிகமாக இருந்ததால் குளிர் கொட்டியது. குளிர் தாங்காமல் அட்டையை ஒட்டினார்கள். அட்டை அடைத்ததால் பாக்ஸுக்குப் பாதிக் காற்றுகூட வரவில்லை. அது டேம்பரை முழுக்கத் திறந்து மூன்று கோரிக்கை அனுப்பியது. இரண்டு கழிந்து ஒன்று மிச்சம்: 15 ஏறும், 12 குறையும், ஆக 2 நிமிஷத்துக்கு 3 பாஸ்கல் ஏற்றம். 2 மணி நேரத்தில் 180 பாஸ்கல். ஓர் அட்டைப்பெட்டிக்காக ஐந்து மாடி ஃபேனும் மூச்சுவாங்க ஓடியிருக்கிறது.

அந்தப் பெண்மீது எந்தத் தப்பும் இல்லை. கட்டடம் அவர் சொன்னதைக் கேட்கவில்லை, அவர் தனக்குத் தெரிந்த வழியில் தீர்த்துக்கொண்டார். மினிமத்தைக் குறைத்து, டிஃப்யூசரின் திசையைத் திருப்பிவிட்டு, அப்புறம்தான் அட்டையைப் பிரித்தோம். இப்படிப்பட்ட பாக்ஸைக் கண்டுபிடிக்கும் வழியும் கைட்லைனிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பாக்ஸும் எத்தனை நேரம் கோரிக்கை அனுப்பியது என்று கூட்டி வைக்கும், 70 சதவீத நேரத்தைத் தாண்டினால் அலாரம் தரும். சரிசெய்யும் வரை அந்தப் பாக்ஸின் குரலுக்குக் கணக்கில் எடை குறைக்கவும் வசதி உண்டு.

அமெரிக்காவில் எழுதியது நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அப்படியே பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. எது பொருந்தும், எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் போட வேண்டும்.

சப்ளை காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். கைட்லைன் அதை 12-க்கும் 18-க்கும் நடுவே மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் வெளி வெப்பநிலை 16-இலிருந்து 21-ஐ நோக்கி ஏற ஏற அந்தச் சலுகை சுருங்கும், 21-ஐத் தாண்டினால் 12-இலேயே நிற்கும். பாலக்காட்டில் 21-க்குக் கீழே எத்தனை மணி நேரம் இருக்கும்? மார்கழி, தையில் விடியற்காலை கொஞ்சம் இருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே இந்த ரீசெட் (செட்பாயின்டைத் தானாக மாற்றுவது) நமக்குப் பெரிதாக மிச்சம் தராது. "வேலையே செய்யவில்லையே" என்று நினைத்து எல்லையை மாற்றி 18-க்குத் தூக்கிவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழையில் காற்றின் ஈரத்தைப் பிழிய ஏஎச்யூவின் கூலிங் காயில் (குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்ச் சுருள்) குளிர்ந்திருக்க வேண்டும். 18-இல் காற்றை அனுப்பினால் அறை 24 டிகிரி காட்டும், ஆனால் பிசுபிசுக்கும். ஆடி மாதம் முடிவதற்குள் ஜிப்சம் சீலிங்கில் கறுப்புப் புள்ளி வைக்கும். அந்தப் பூஞ்சை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எவ்வளவு கெடுதல் என்று சொல்லத் தேவையில்லை. நம் பக்கம் மிச்சம் கிடைப்பது டக்ட் அழுத்த ரீசெட், சரியான மினிமம், சில்லர் பிளான்ட் ரீசெட் ஆகிய மூன்றில்தான்.

அடுத்தது எகானமைசர், அதாவது வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் டேம்பரை முழுக்கத் திறந்து அதையே பயன்படுத்துவது. நம் பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகல வாசல். தை, மாசியில் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கும், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மழைக்காற்று அடிக்கும். வெப்பநிலையை மட்டும் பார்த்து டேம்பரைத் திறக்கும் எகானமைசர் இங்கே ஏமாந்துபோகும். ஜூலையில் ஒரு ஜவுளிக்கடையில் அதை நேரில் பார்த்தேன். வெளியே அடைமழை, 24 டிகிரி. அறையிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் காற்று 25. "வெளியே குளிர்ந்திருக்கிறது" என்று டேம்பர் முழுக்கத் திறந்துகொண்டது. இரண்டாவது மாடிப் பட்டுப் பிரிவில் டிஃப்யூசரிலிருந்து தண்ணீர் சொட்டி, புடவை அடுக்கின்மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். ஈரத்தையும் சேர்த்துக் காற்றின் மொத்த வெப்பத்தை, அதாவது எந்தால்பியை, பார்க்கும் முறையைத்தான் போட வேண்டும். அதை அளக்க நல்ல ஈரப்பத சென்சார் வாங்கிப் பராமரிக்க முடியாது என்றால் எகானமைசரே வேண்டாம். ஆஷ்ரேயின் ஆற்றல் சிக்கனத் தரமான 90.1-ம் மிக வெப்பமான ஈரப் பகுதிகளில் அதைக் கட்டாயமாக்கவில்லை.

மின்சாரத்தைக் குறைத்தால் உள்ளே காற்றின் தரம் கெடாதா?

குருட்டுத்தனமாகக் குறைத்தால் கெடும். வெளிக்காற்று டேம்பரை மூடி வைத்து பில்லைக் குறைத்த கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். அது சிக்கனம் ஆகாது, உள்ளே இருப்பவர்களின் மூச்சைத் திருடுவதற்குச் சமம். கோவையில் ஒரு பயிற்சி அறையில் மதியம் 3 மணிக்குக் கையிலிருந்த மீட்டரை மேசைமேல் வைத்தேன். கார்பன் டை ஆக்சைடு 1,900 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). வெளிக்காற்றில் அது 420 பக்கம்தான். பிள்ளைகள் தூங்கி வழிந்தது பாடத்தால் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டிருந்தார்.

நல்ல சீக்வென்ஸ் தேவையைப் பார்த்துக் காற்றைக் கொடுக்கும். கார்பன் டை ஆக்சைடு ஏறி, வைத்த வரம்பைத் தொட இன்னும் 200 பிபிஎம் இருக்கும்போதே பாக்ஸ் மினிமத்தை உயர்த்த ஆரம்பித்து, வரம்பைத் தொடும்போது முழு அளவுக்குக் கொண்டுபோய்விடும். அறை காலியானால் குறைத்துக்கொள்ளும். காலி அறையில் மிச்சம் பிடித்து, ஆள் நிறைந்த அறைக்குத் தாராளமாகக் கொடுப்பதுதான் முறை.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருப்பதால் மட்டும் காற்று சுத்தம் என்று ஆகாது. தூசுக்கும் கிருமிக்கும் ஃபில்டர்தான் காவல். தொற்றுக்காகவே ஆஷ்ரே 2023-இல் 241 என்ற தனித் தரம் கொண்டுவந்தது.

ஆபரேஷன் தியேட்டருக்கும் இதையே போடலாமா?

கூடாது. தியேட்டருக்கு மணிக்கு 20 காற்று மாற்றம், அதில் 4 வெளிக்காற்று, வெளி வராந்தாவைவிடக் கூடுதல் அழுத்தம் என்று மருத்துவமனைகளுக்கான ஆஷ்ரே 170 தனியாகச் சொல்கிறது. தொற்று நோயாளிக்கான தனி அறையில் அழுத்தம் தலைகீழாக இருக்க வேண்டும். இங்கே சிக்கனத்தை விடப் பாதுகாப்புத்தான் முதலில். அதே மருத்துவமனையின் நிர்வாக அலுவலகம், ஓபி காத்திருப்புக் கூடம், கேன்டீனுக்குக் கைட்லைன் 36-ஐத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எங்கள் கடையில் ஸ்ப்ளிட் ஏசிதான். எங்களுக்கு ஏதாவது உண்டா?

கைட்லைன் உங்களுக்கானது இல்லை. 24 டிகிரியில் வையுங்கள், ஃபேனும் ஓடட்டும். ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றுவதால், வெளிக்காற்றுக்கு ஃபில்டரோடு ஒரு சின்ன ஃபேன் தனியாகப் போடுங்கள்.

எவ்வளவு மிச்சமாகும்?

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் கணினி மாதிரியில் செய்த ஆய்வுகளில், வழக்கமான சீக்வென்ஸோடு ஒப்பிட்டால் ஏசிக்கான ஆற்றலில் சராசரியாக 30 சதவீதத்தை ஒட்டி மிச்சம் வந்தது. அது அவர்கள் ஊர்களின் தட்பவெப்பம். சப்ளை வெப்பநிலை ரீசெட்டும் எகானமைசரும் நமக்கு அதிகம் உதவாது என்பதால், அதே எண்ணை நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. உங்கள் கட்டடம் இப்போது எவ்வளவு மோசமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மாற்றுவதற்கு முன் ஒரு மாதம் ஃபேன், சில்லர் மின்சாரத்தைத் தனி மீட்டரில் அளந்து வையுங்கள், பின்னால் ஒப்பிட வேறு வழி இல்லை.

டெண்டரில் எப்படி எழுதுவது? முடித்துக் கொடுக்கும்போது எதைப் பார்ப்பது?

"எனர்ஜி எஃபிஷியன்ட் சீக்வென்ஸ் தரப்பட வேண்டும்" என்று எழுதினால் எதுவும் வராது. கைட்லைன் 36, எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தெந்தப் பகுதி, நம் ஊருக்காக எந்த எண்ணை மாற்றியிருக்கிறோம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பாக்ஸின் மினிமமும் அட்டவணையில் எண்ணாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது திரையைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். ஓர் அறையின் செட்பாயின்டை 4 டிகிரி இறக்கிவிட்டு, டேம்பர் திறக்கிறதா, கோரிக்கை போகிறதா, இரண்டு பாக்ஸுக்கு மேல் செய்தால் அழுத்தம் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். வெளிக்காற்றும் ரிட்டர்ன் காற்றும் கலந்த மிக்ஸ்ட் ஏரின் வெப்பநிலை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மூன்றில் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. இரண்டு வார டிரெண்டைக் கையில் வாங்காமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆபரேட்டர் எல்லாவற்றையும் ஹேண்டில் (ஆட்டோ இல்லாமல் கையால் ஓட்டும் நிலை) போட்டுவிடுகிறார். என்ன செய்வது?

ஏன் போட்டார் என்று முதலில் கேளுங்கள். கஞ்சிக்கோட்டில் ஒரு பிளான்ட் ரூமில் சேட்டன் ஒருவர் மூன்று ஏஎச்யூவையும் ஹேண்டில் 50 ஹெர்ட்ஸில் வைத்திருந்தார். கேட்டதற்கு, "ராத்திரி ஒரு சில்லர் டிரிப் ஆனா நாப்பது அலாரம் அடிக்குது சாரே, எதைப் பாக்கறது?" என்றார். நியாயம்தானே? சில்லர் நின்றால் அதனால் கீழே வரும் அலாரங்களை அடக்கி, மூலக் காரணத்தை மட்டும் காட்டும் முறை கைட்லைன் 36-இல் இருக்கிறது. அலாரங்களை நான்கு நிலையாகப் பிரித்தும் வைத்திருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்து, ஒரு இரவு அவரோடு உட்கார்ந்து சில்லரை நிறுத்திக் காட்டினேன். ஒரே ஒரு அலாரம்தான் அடித்தது. மறுநாள் அவரே மூன்றையும் ஆட்டோவில் திருப்பினார்.

சீக்வென்ஸைப் பிளான்ட் ரூமில் எந்த மொழியில் எழுதி வைப்பது?

அங்கே ஷிஃப்ட் பார்ப்பவர்கள் எந்த மொழி படிப்பார்களோ அதில். நம் பக்கம் தமிழும் மலையாளமும் ஒரே தாளில் இருக்க வேண்டும். நான் ஏஎச்யூவுக்கு ஒரு தாள் எழுதி, லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுகிறேன். எத்தனை மணிக்கு ஓடும், அழுத்தம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போகலாம், ஹேண்டில் போட வேண்டி வந்தால் தேதி, காரணம், கையெழுத்து எங்கே எழுதுவது என்பது வரை அதில் இருக்கும். கஞ்சிக்கோட்டுச் சேட்டன் அந்தத் தாளின் கீழே மார்க்கர் பேனாவால் மலையாளத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் முதலில் மேலே போய் டிஃப்யூசரைப் பார்க்கவும்.